விதைக்குமுன் மண்ணின் வெப்பம் அறிதல்

சித்திரை வெயிலை நம்பி பீன்ஸ் விதைப்போர் பலர். இலண்டனின் களிமண்ணோ அப்போதும் குளிர்ந்தே கிடக்கும், விதை முளையாமல் அழுகும். ஆகவே மண்ணையே அளந்து பார்த்தல் நன்று.

கம்பி முனையுள்ள மீன்தொட்டி வெப்பமானிகள் மூன்றை வாங்குக. முனைகள் 5, 10, 30 சென்டிமீட்டர் ஆழத்தில் அமையுமாறு மூங்கில் கழியில் கட்டுக. இரும்புக் கழி ஆகாது. அது மேற்சூட்டைக் கீழே கடத்தும். முன்னதாகத் துளையிட்டு, கழியை இறக்கி, சுற்றிலும் மண்ணை இறுக்குக. நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளவைக் குறித்துக்கொள்க. நண்பகல் அளவு ஏமாற்றும்.

கிரீன்விச் வானாய்வகத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே சுமார் 25 அடி ஆழம்வரை வெப்பமானிகளைப் புதைத்து அளந்தனர். ஆழம் கூடக்கூடக் கோடையின் சூடு பிந்தியே சென்று சேரும். நமக்கு 30 சென்டிமீட்டரே போதும்: ஓரிரவுக் குளிர் அதனை எளிதில் அசைக்காது.

மேல்முனை காலைதோறும் 12 பாகை செல்சியஸுக்குக் குறையாதிருந்து, கீழ்முனையும் ஏறிவந்தால் பீன்ஸ் விதைக்கலாம். வெண்டைக்கு 18 பாகையேனும் வேண்டும். அதற்கு இங்கே பெரும்பாலும் கண்ணாடிக் குடிலே கதி.