ரிப்போர்ட் நார்மல், உடம்பெல்லாம் வலி: கைகொடுக்கும் குறிப்புகள்

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. ஆனால் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று மூன்று மாசத்துக்கு மேலாக இடம் மாறி மாறி வலி, ராத்திரி முழுக்கத் தூங்கியும் காலையில் எழுந்தால் அசதி, வைத்த சாவி எங்கே என்று நினைவுக்கு வராத மந்தம். இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். நம்ம கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் ‘வாயு’, ‘ரத்தம் கம்மி’ என்று சொல்லியே வருஷங்களை ஓட்டிவிடுகிறார்கள். அடியோடு போக்கும் மாத்திரை இன்னும் வரவில்லை. வலியைக் குறைத்துக்கொண்டு நம்ம வேலையை நாமே பார்க்க வழி நிறைய உண்டு, தோழிகளே.

1. “ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன வலி?” என்று வீட்டில் கேட்டால் இப்படி விளக்குங்கள். ஆடி மாசக் குழாய் ஸ்பீக்கரில் மெல்லப் பேசினாலும் தெருவே அதிர்கிற மாதிரி, சின்ன அழுத்தத்தைக்கூட நரம்பும் மூளையும் பெரிய வலியாக்கிவிடுகின்றன. தசையிலும் மூட்டிலும் சேதம் இல்லாததால் படத்தில் தெரியாது; வலி நிஜம்தான்.

2. டாக்டரிடம் போகுமுன் பிள்ளைகளின் பழைய நோட்டில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று ஆள் படம் வரைந்து, வலிக்கிற இடங்களைப் பென்சிலால் தீட்டி எடுத்துப் போங்கள். 1990-ல் வந்த விதிப்படி 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11-ல் வலித்தால்தான் இந்த நோய் என்பார்கள். 2010-க்குப் பிறகு வலி பரவியிருக்கும் இடங்களையும் அசதி, தூக்கம், மறதியையும் சேர்த்தே கணக்குப் பார்க்கிறார்கள். அதனால் அந்தப் படமும் கூடவே எழுதின நாலு வரியும் அரை மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும்.

3. தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை, வைட்டமின் டி, வீக்கம் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ஆகியவற்றை டாக்டர் சொல்லி ஒரு தடவை பார்த்துக்கொண்டால், இதே மாதிரி வலி தரும் மற்ற நோய்கள் உண்டா என்று தெரிந்துவிடும். எல்லாத் தாளையும் ஒரே ஃபைலில் தேதி வாரியாக வையுங்கள். டாக்டர் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து சோதனை எடுக்கிற செலவு நின்றுவிடும்.

4. மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, ராஜா முத்தையா என்று நாம் சொல்லிப் பழகிய, இப்போது அரசு வசம் இருக்கும் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள். குழப்பம் தீராவிட்டால் புதுச்சேரி ஜிப்மரில் மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் தனிப்பிரிவு இருக்கிறது. போய்வர ஒரு முழு நாள் ஆகும். சாப்பாட்டுக் கூடையோடு அந்த ஃபைலும் மறக்காமல் இருக்கட்டும்.

5. வலி ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். 2006-ல் தமிழ்நாட்டையே முடக்கிப் போட்ட சிக்குன்குனியா, பலருக்கு மாசக் கணக்கில் மூட்டுவலியை விட்டுப் போனது. அதற்குப் பார்க்கும் வைத்தியம் வேறாக இருக்கலாம்.

6. மெடிக்கல் ஷாப்பில் “உடம்பு வலி” என்று சொன்னதும் மடித்துத் தரும் நாலு கலர் மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள். இந்த வலிக்குச் சாதாரண வலி மாத்திரை பெரிதாகக் கேட்பதில்லை, ஸ்டீராய்டு உதவுவதே இல்லை. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும்தான் மிச்சம். லேபிள் இல்லாத டப்பாவில் வரும் வலிப் பொடிக்கும் இதே எச்சரிக்கை.

7. டாக்டர் அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரிகாபலின் என்று எழுதிக் கொடுத்தால், “மனநோய் மாத்திரை” என்றோ “வலிப்பு மாத்திரை” என்றோ யாராவது சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வலியைப் பெரிதாக்கும் நரம்புப் பாதையைத் தணிக்கத்தான் அவை. அமிட்ரிப்டிலினை ராத்திரிக்குச் சின்ன அளவில்தான் தொடங்குவார்கள். வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். பிரிகாபலின் தலைசுற்ற வைக்கலாம், அதனால் பழகும்வரை ஸ்கூட்டியை எடுக்க வேண்டாம்.

8. பிராண்ட் பெயர் போடாத அதே மருந்து, மக்கள் மருந்தகத்திலும் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் நல்ல விலை குறைவில் கிடைக்கும். சீட்டில் மருந்தின் மூலப் பெயரையும் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், கடையில் தேட வேண்டியிருக்காது. மாசா மாசம் மிஞ்சுகிற பணத்தில் ஒரு நல்ல செருப்பே வாங்கிவிடலாம், நடைக்கு ஆகும்.

9. ஐப்பசி, கார்த்திகை வந்தால் கைவசம் இரண்டு வார மாத்திரையை ஜிப் கவரில் போட்டு, மேல் தட்டில் வையுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடையும் கரண்ட்டும் இல்லாமல் நாம் பட்டது மறக்கக்கூடியதா? பிரிகாபலின், டுலோக்செட்டின் மாதிரியான மருந்துகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் சேர்ந்து படுத்தும்.

10. இந்த வலிக்கு மாத்திரையைவிட உறுதியான மருந்து நடைதான். 2016-ல் ஐரோப்பிய மூட்டு நோய் நிபுணர்கள் எல்லா வைத்தியத்தையும் அலசிவிட்டு, அழுத்தமாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றை மட்டுமே. சிதம்பரத்துக்காரர்களுக்குத் தேரோடும் நாலு வீதியே அளவுகோல். முதல் வாரம் கீழவீதியில் பாதி தூரம் போய்த் திரும்புங்கள், உடம்பு ஒத்துக்கொண்ட பிறகு முழு வீதி, அப்புறம் தெற்கு வீதியையும் சேருங்கள். நாலையும் சுற்றிவர மூன்று நாலு மாசம் ஆனால் ஆகட்டும். முதல் இரண்டு வாரம் வலி சற்றுக் கூடத்தான் செய்யும். தூரத்தைக் குறையுங்கள், நடையை விடாதீர்கள்.

11. கடலூர்க்காரர்கள் சில்வர் பீச் போனால் பொதபொதவென்ற மணலில் நடக்க வேண்டாம், கெண்டைக்கால் இரண்டு நாளைக்குப் பிடித்துக்கொள்ளும். அலை நனைத்து இறுகிய மணல் அல்லது ஓரத்து ரோடு நல்லது.

12. வலி குறைந்த நாளில்தான் கவனம் தேவை. “இன்னிக்கு நல்லாயிருக்கு” என்று பரண், ஜன்னல், பீரோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் துடைத்தால் அடுத்த மூன்று நாள் படுக்கைதான். டிவி சீரியல் பார்த்துக்கொண்டே துணி மடியுங்கள். விளம்பரம் வந்ததும் துணியை வைத்துவிட்டுத் தோளைச் சுழற்றி, நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

13. கஞ்சி வடிக்கிற கனத்த பானைக்குப் பதில் குக்கர், முழு வாளிக்குப் பதில் இரண்டு அரை வாளி, அரிவாள்மனைக்குப் பதில் மேஜையில் வைத்த பலகையும் கத்தியும். சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவிட்டு உரித்தால் விரல் நோகாது. கொத்சு செய்கிற அன்றைக்கு இது பெரிய உதவி. மனசு ஆசைப்படும் சமையலை விட வேண்டாம், வேலையை மட்டும் துண்டு துண்டாக்குங்கள்.

14. போர்வையைக் கையால் முறுக்கிப் பிழிந்தால் மணிக்கட்டும் தோளும் போச்சு. குழாயைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் சேர்த்து ஒரே திருகு, அல்லது வாளி விளிம்பில் கால் மணி நேரம் தொங்கவிட்டு அப்படியே கொடியில். நம்ம ஊர்க் கடல் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

15. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற அக்காமாரும், தையல் மிஷினில் குனிந்தே இருக்கிறவர்களும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிமிர வேண்டும். மறக்காமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தாகம் எழுப்பிவிடும்.

16. வேலியோரத்து நொச்சி இலையைக் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பாகக் குளித்தால் இறுகிய உடம்பு தளரும். கல்லுப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடமும் தரலாம். முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தில் வைக்க வேண்டாம். யாரையும் கால் வைத்து மிதிக்கவோ, அழுத்திப் பிடிக்கவோ விடாதீர்கள்; எண்ணெய் தேய்த்து மெல்ல நீவினால் போதும்.

17. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி ஏறும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். செல்போனைக் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

18. வடகம் காயவைக்கும் சாக்கில் கை, முகத்தில் கொஞ்சம் வெயில் படட்டும். மத்தி மீன் கிடைத்தால் விடாதீர்கள், அதில் வைட்டமின் டி இருக்கிறது. ஆனால் வாரம் ஒன்று என்று தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யை டாக்டர் சொன்ன கணக்குக்கு மேல் நாமாக வாங்கித் தொடரக் கூடாது.

19. மூட்டு வீங்கிச் சூடாக இருத்தல், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், கை கால் பலமிழத்தல், சிறுநீர் அடக்க முடியாமை இவற்றில் எது வந்தாலும் “அதே வலிதான்” என்று இருந்துவிடாதீர்கள், சீக்கிரம் காட்டுங்கள். நெஞ்சுவலி என்றால் உடனே 108.

20. மாசக் கணக்கில் வலித்தால் மனசும் சோர்ந்துதான் போகும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. டெலிமானஸ் 14416-க்குத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வலியோடு வாழப் பழக்கும் மனநல ஆலோசனையும் இந்த நோய்க்கு முறையான வைத்தியம்தான்.

21. வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை: “ஏதாவது செய்யட்டுமா?” என்று கேட்காமல், தண்ணீர் பிடிப்பது, சிலிண்டர் மாற்றுவது, மாவு அரைப்பது மூன்றையும் உங்கள் பேரில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். போகிக்கு ஒரே நாளில் வீடு ஒழிக்காமல், மார்கழி முதல் தேதியிலிருந்தே நாளுக்கு ஓர் அலமாரி என்று ஆரம்பித்துவிடுங்கள்.