கடல்நீரின் அயோடினும் நம் ஊர் உப்பும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். உள்நாட்டு மக்களாகிய நமக்குக் கடலோடு நாள்தோறும் உள்ள உறவு உப்பு ஒன்றே. "கடலில் அயோடின் உண்டு, ஆகையால் கடலுப்பில் அயோடின் இருக்கத்தானே வேண்டும்? மேற்கொண்டு ஏன் சேர்க்கவேண்டும்?" என்ற கேள்வி கிராமக் கூட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை காணக் கடல்நீரில் அயோடினை எவ்வாறு அளக்கிறார்கள் என்பதை நாம் சிறிது அறிந்துகொள்ளுதல் அவசியம்.

அயோடினை முதன்முதலில் 1811ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கூர்த்துவா என்பவர் கடற்பாசியின் சாம்பலிலிருந்து கண்டெடுத்தார். பாசி அதனைத் தன்னுள் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஆனால் கடல்நீரிலோ அது மிக அற்பம். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் சுமார் 35 கிராம். அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம்தான். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே மைக்ரோகிராம். அந்த அயோடின் முழுவதும் உப்போடு சேர்ந்தே வந்துவிடுவதாக வைத்துக்கொண்டாலும், ஒருவர் ஒரு நாளில் உண்ணும் 10 கிராம் உப்பில் கிடைப்பது 17 மைக்ரோகிராம். வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியதோ 150 மைக்ரோகிராம். கருவுற்ற தாய்க்கு 250. இந்தப் 17கூட நமக்கு வந்து சேருவதில்லை. பாத்தியில் உப்பு மணியாகப் படியும்போது அயோடினில் பெரும்பகுதி மிஞ்சும் கசப்புநீரிலேயே தங்கிவிடுகிறது. கல்லுப்பு கடலின் பிள்ளைதான். ஆயினும் தாய்வீட்டுச் சீரில் அயோடின் மட்டும் வந்து சேரவில்லை!

இனி அயோடினின் வகைகளைப் பார்ப்போம். இயற்கையில் நாம் காணும் அயோடின் அயோடின்-127 என்பது. அது நிலையானது, கதிர் வீசாதது. அணு உலைகளிலும் அணுகுண்டு வெடிப்பிலும் தோன்றும் அயோடின்-131 கதிரியக்கம் உடையது. எட்டு நாட்களில் அதில் பாதி அழியும். அடுத்த எட்டு நாட்களில் மிஞ்சியதில் பாதி அழியும். 80 நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். மூன்றாவதான அயோடின்-129 பாதியாகக் குறைய 1 கோடியே 57 லட்சம் ஆண்டுகள் செல்லும். ஐரோப்பாவில் எரிந்த அணு எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலைகளிலிருந்து கடலில் கலந்த இந்த அயோடின்-129ஐப் பின்தொடர்ந்து, வடகடல் நீர் ஆர்க்டிக் கடலை நோக்கி ஓடும் வழியை விஞ்ஞானிகள் அறிந்துள்ளனர்.

மந்தையில் ஒரு சில மாடுகளுக்கு மட்டும் சூடு போட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேய்வதிலும் குடிப்பதிலும் அவற்றுக்கும் மற்ற மாடுகளுக்கும் வேற்றுமை இல்லை. சூட்டுக்குறி கொண்டே அவற்றை இனம் காண்கிறோம். கதிரியக்க அயோடினும் அத்தகையதே. அதன் கதிரே அதற்குரிய குறி. கடல்நீரை வடிகட்டி, அளவு தெரிந்த நிலையான அயோடினை அதில் கலந்து, இரண்டையும் ஒருசேர வெள்ளி அயோடைடாகப் படியவைத்து, படிவிலிருந்து வரும் கதிரைக் கருவியால் எண்ணுவது ஒரு முறை. கலந்ததில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்பதைக்கொண்டு பிரித்தெடுப்பில் நேர்ந்த இழப்பையும் கணக்கிட்டுவிடலாம்.

2011 மார்ச் 11ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் அடுத்து ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையம் சேதமுற்றது. அம்மாத இறுதியில் அந்நிலையத்தை ஒட்டிய கடல்நீரில் அயோடின்-131 சட்ட வரம்பைப்போல் 4,000 மடங்குக்கு மேல் காணப்பட்டது. சில மாதங்களில் அது தானே அழிந்து மறைந்தது. நம் மாநிலத்தில் 1983இல் முதல் உலை இயங்கத் தொடங்கிய கல்பாக்கத்திலும், கடல்நீர், மீன், பால் முதலியவற்றை எடுத்துச் சோதிக்கும் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் உண்டு.

பாலை ஏன் சோதிக்கவேண்டும் என்று விவசாய அன்பர்கள் கேட்கக்கூடும். காற்றில் வரும் அயோடின் புல்லில் படிகிறது. பசு பரந்த நிலத்தில் மேய்ந்து, அதைத் தன் மடியில் திரட்டித் தருகிறது. 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தபோது, சுமார் 500 சதுரக் கிலோமீட்டர் பரப்பிலிருந்த பண்ணைகளின் பால் பல நாட்கள் கீழே கொட்டப்பட்டது. 1986இல் செர்னோபிலில் விபத்து நேர்ந்தபோது இந்த எச்சரிக்கை பல ஊர்களுக்கு உரிய காலத்தில் எட்டவில்லை. பால் குடித்த சிறுவர் சிறுமியர் பெரிதும் பாதிக்கப்பட்டனர். 2005ஆம் ஆண்டு வரையில் அவர்களிடையே 6,000க்கு மேற்பட்ட தைராய்டுப் புற்றுநோய்கள் பதிவாயின. அப்பகுதி மக்கள் ஏற்கெனவே அயோடின் குறைவுடையவர்கள் என்பதை இங்கே கவனிக்கவேண்டும். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பிக்குச் சூடுபோட்ட மாடும் தெரியாது, போடாத மாடும் தெரியாது. நல்ல அயோடினால் நிறைந்திருந்தால் புதிதாக வருவதைக் குறைவாகவே ஏற்கும். வெறுமையாகக் கிடந்தால் வந்ததையெல்லாம் வாரிக்கொள்ளும்.

அதற்காக, உப்பை அள்ளித் தின்றால் கதிரியக்கத்திலிருந்து தப்பலாம் என்று எவரும் கருதிவிடலாகாது. 2011இல் சீனாவில் மக்கள் அவ்வாறு எண்ணிக் கடைகளில் உப்பு மூட்டைகளை வாங்கிக் குவித்தனர். விபத்துக் காலத்தில் பெரியவர்களுக்கு அரசு தரும் மாத்திரையில் 100 மில்லிகிராம் அயோடின் இருக்கும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் உள்ள உப்பில் அதைப் பெற ஆறரைக் கிலோவுக்கு மேல் உண்ணவேண்டும்! உப்பில் அயோடின் சேர்ப்பதன் நோக்கம் வேறு.

அந்த நோக்கத்தை நம் நாட்டில் ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டியது இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கு. அங்கே முன்கழுத்துக் கழலை மிகுதி. மழையும் வெள்ளமும் மலைமண்ணிலிருந்து அயோடினைக் கழுவிக் கொண்டுபோய்விட்டன. 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் அப்பகுதியை மூன்றாகப் பிரித்து, இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தோன்றியது. கழலை கண்ணுக்குத் தெரியும் கேடு மட்டுமே. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவது வெளியே தெரிவதில்லை; பின்னர் ஈடுசெய்யவும் இயலாது. ஆகவே 1992இல் திட்டத்தின் பெயர் அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்தையும் தழுவுவதாக மாற்றப்பட்டது. 2006 மே 17 முதல், அயோடின் சேராத உப்பை நேரடி உணவுக்கென விற்பது நாடெங்கும் தடை செய்யப்பட்டது. சில்லறைக் கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்கவேண்டும்.

கால்நடைக்கும், தோல் பதனிடுவதற்கும், தொழிற்சாலைக்கும் அயோடின் இல்லாத உப்பை விற்கத் தடையில்லை. அந்த மூட்டை சந்தையில் பிரிக்கப்பட்டுப் படியால் அளந்து சமையலுக்கு விற்கப்படும்போதுதான் சட்டம் கைநழுவிப் போகிறது. பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவோருக்கு அண்டா அண்டாவாக அன்னம் சமைக்கும் நம் ஊரில், மொத்தமாக உப்பு வாங்குவோர் மூட்டையின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குவது நலம். மலைமண் எங்கும் மழையால் அரிக்கப்படுவதே. ஆதலால் ஜவ்வாது மலைப் பஞ்சாயத்துகள் இதில் முந்திக்கொள்ளவேண்டும் என்பது நம் கருத்து.

உப்பைச் சோதிப்பது எளிது. சோதனைப் பெட்டியிலுள்ள திரவத்தில் ஒரு சொட்டு உப்பின்மேல் இட்டால், அயோடின் இருந்தால் நீலநிறம் தோன்றும்; இல்லையேல் உப்பு வெண்மையாகவே இருக்கும். வீட்டுக் கஞ்சித் தண்ணீரை மட்டும் விட்டுப் பார்த்துப் பயனில்லை. உப்பில் அயோடேட்டாக இருக்கும் அயோடினை விடுவிக்கும் மருந்தும் அத்துடன் சேரவேண்டும். கிராம சுகாதார ஊழியரைக் கேட்டால் பெட்டி பற்றிய விவரம் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒரு கரண்டி உப்புக் கொண்டுவரச் செய்தால் ஒரு முற்பகலில் ஊர் முழுவதையும் சோதித்துவிடலாம்.

வாங்கிய உப்பை மூடியுள்ள பாத்திரத்தில் ஈரமும் வெயிலும் படாமல் வைத்து, குழம்பு இறக்கும் தருவாயில் இடுவது நல்லது. மாட்டுக்கென வாங்கும் உப்பை அடுக்களையில் வைக்காமல் தொழுவத்திலேயே தனிப் பானையில் வைத்துக்கொள்ளவேண்டும்.