உன் கையைப் பார்க்கிறவன் எதைப் பார்க்கிறான்?

வேத பாடம்: விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்கலாமா, கட்டலாமா?

வேத பகுதி: 2 இராஜாக்கள் 20:1-19, 2 நாளாகமம் 32:24-31, ஏசாயா 39



"பாஸ்டர், நல்ல சம்பளம் வருது. கடன் இல்லை. தசமபாகம் ஒழுங்காக் கொடுக்கிறேன். ஒன்றரை லட்சத்துக்கு ஒரு வாட்ச் வாங்கினா பாவமா?" வாலிபர் கூட்டங்களில் இப்படிப்பட்ட கேள்வி இப்போது எழும்புகிறது. இதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. பாவம் என்று ஒரே வார்த்தையில் அடித்துச் சொல்லிவிட்டுப் போகவும் கூடாது. கடிகாரம் கட்டாதே என்று வேதத்தில் ஒரு வசனமும் இல்லை. ஆனால் ஒரு ராஜாவையும் ஒரு கடியாரத்தையும் குறித்து வேதம் சொல்லுகிறது. முதலில் அதைத் தியானிப்போம்.

1. கடியாரத்தைக் குறித்துக் கேட்க வந்தார்கள். அவன் பொன்னைக் காட்டினான்

எசேக்கியா ராஜா வியாதிப்பட்டு மரணத்தருவாயில் இருந்தான். சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தான். கர்த்தர் அவன் ஆயுசோடு பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். அதற்கு அடையாளமாக ஆகாசின் கடியாரத்தில் நிழலைப் பத்துப் பாகை பின்னிட்டுத் திரும்பப் பண்ணினார். முள்ளும் சாவியும் இல்லாத கடியாரம் அது. வெயிலில் நிழல் விழும் இடத்தை வைத்து நேரம் பார்ப்பார்கள்.

அந்தச் செய்தி பாபிலோன் வரைக்கும் போயிற்று. அங்கிருந்து ஸ்தானாபதிகள் கடிதமும் காணிக்கையும் எடுத்துக்கொண்டு எருசலேமுக்கு வந்தார்கள். எதற்கு வந்தார்கள்? தேசத்தில் நடந்த அற்புதத்தைப் பற்றி விசாரிக்க வந்தார்கள் என்று 2 நாளாகமம் 32:31 தெளிவாய்ச் சொல்லுகிறது. காலத்தைக் கையில் வைத்திருக்கிற தேவனைக் குறித்துச் சாட்சி சொல்ல எவ்வளவு அருமையான தருணம்! ஆனால் எசேக்கியா என்ன செய்தான்? வெள்ளியைக் காட்டினான், பொன்னைக் காட்டினான், கந்தவர்க்கங்களையும் நல்ல தைலத்தையும் ஆயுதசாலையையும் காட்டினான். அவன் காட்டாமல் விட்டது ஒன்றுமில்லை. பிறகு ஏசாயா தீர்க்கதரிசி வந்து, உன் வீட்டில் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டபோது, எல்லாவற்றையும் பார்த்தார்கள் என்றான். கர்த்தரைக் குறித்து எதைக் கேட்டார்கள் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

கவனியுங்கள். பொன் வைத்திருந்தான் என்று அவன்மேல் குற்றம் இல்லை. மிகுந்த ஆஸ்தியைக் கொடுத்ததே தேவன்தான் என்று அதே அதிகாரத்தில் வாசிக்கிறோம் (32:29). சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் ஆஸ்தி முன்னால் வந்து நின்றுவிட்டது. அதுதான் குற்றம். இந்தப் பாடத்தில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய சத்தியமும் அதுவே.

2. காதுக்கு ஒரு சட்டம், கைக்கு ஒரு சட்டமா?

நம்முடைய சபைகளில் விசுவாசிகள் நகை அணிவதில்லை. 1 தீமோத்தேயு 2:9, 1 பேதுரு 3:3 ஆகிய வசனங்களின்படி நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன் எத்தனை சகோதரிகள் தோட்டையும் மூக்குத்தியையும் வளையலையும் கழற்றி வைத்தார்கள்! சொந்தக்காரர் கல்யாணத்தில் வெறுங்கழுத்தோடு நின்று, "ஏண்டி, உன் புருஷனுக்கு வக்கில்லையா?" என்ற பேச்சை எத்தனை பேர் வாங்கினார்கள்!

சகோதரர்களே, அன்றைக்கு நாம் கழற்றியது என்ன? பெரும்பாலும் ஒரு மோதிரம், ஒரு செயின், அவ்வளவுதான். வாட்சை மட்டும் யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஏன்? அது நகை இல்லை, கருவி. மணி பார்க்கத்தானே என்று விட்டார்கள். 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. நம்முடைய மூப்பர்கள் தினம் சாவி கொடுத்து அதைக் கட்டிக்கொண்டு, ஆராதனைக்குப் பத்து நிமிஷம் முன்னதாக வந்து பாய் விரித்தார்கள். பின்பு ஓசூரிலிருந்து டைட்டன் வந்தது. கருவி என்ற பெயரில்தான் கடிகாரம் நம் கையில் தங்கியிருக்கிறது.

இப்போது அந்தக் கருவியின் விலை, சகோதரி கழற்றின தோட்டின் விலையைப்போல் பல மடங்கு ஆகிவிட்டால் என்ன சொல்லுவது? அதில் தங்கமும் வைரமும் பதித்திருந்தால் என்ன சொல்லுவது? காதிலே இருந்தால் ஆடம்பரம், கையிலே இருந்தால் கருவி என்று சொல்ல முடியுமா? வீட்டிலே மனைவி வாய் திறந்து கேட்கமாட்டாள். ஆனால் கர்த்தர் கேட்பார்.

3. எதற்கு விலை கொடுக்கிறோம்?

நேரம் சரியாகக் காட்டுவதற்காகவா? இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரண குவார்ட்ஸ் வாட்சுக்குள் பாட்டரியால் ஓடுகிற சின்னக் கல் ஒன்று இருக்கிறது. விநாடிக்கு 32,768 முறை அது அதிருகிறது. மாதத்துக்குப் பதினைந்து இருபது விநாடிதான் முன்பின் ஆகும். சுவிட்சர்லாந்தில் சோதித்துச் சான்று கொடுக்கப்படுகிற உயர்ந்த இயந்திரக் கடிகாரங்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவோ, நாளுக்கு 4 விநாடி பின்னும் 6 விநாடி முன்னும். மாதக்கணக்கில் அது மூன்று நிமிஷம் வரைக்கும் போகலாம்! 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று தொடங்கி, நேரத்துக்காகப் பெரிய விலை கொடுக்க வேண்டிய அவசியம் படிப்படியாக இல்லாமல் போயிற்று.

அப்படியானால் லட்சங்கள் எதற்கு? வேலைப்பாட்டுக்கு, உலோகத்துக்கு, பெயருக்கு. வேலைப்பாடு தப்பல்ல. பெசலெயேலுக்குக் கைவேலை ஞானத்தைக் கொடுத்தது தேவ ஆவியானவரே (யாத்திராகமம் 31). ஆனால் நாம் வாங்குவது நேரத்தை அல்ல என்பதை மறைக்காமல் ஒத்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசும் 2025 ஏப்ரலில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை உல்லாசப் படகு, பந்தயக் குதிரை இவற்றோடு ஒரே பட்டியலில் சேர்த்து, விற்கும்போதே 1 சதவீத வரி பிடிக்கச் சொன்னது. கருவி எது, ஆடம்பரம் எது என்று உலகத்துக்கே தெரிகிறது.

4. மேஜையில் தெரிந்த கடிகாரம்

2012-ல் ரஷ்யாவில் நடந்த ஒரு காரியம். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவர் கிரில் மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று சபையின் இணையதளத்தில் இருந்தது. அவர் கையிலிருந்த பிரெகே கடிகாரத்தைப் படத்திலிருந்து யாரோ அழித்துவிட்டார்கள். அது சுமார் 30,000 டாலர் பெறும் என்று பத்திரிகைகள் எழுதின. கையில் அழித்தவர்கள் பளபளப்பான மேஜையைப் பார்க்க மறந்துவிட்டார்கள். மேஜையில் கடிகாரம் அப்படியே தெரிந்தது! சபை மன்னிப்புக் கேட்டுப் பழைய படத்தைத் திரும்பப் போட்டது.

அந்தத் தலைவரை நியாயந்தீர்க்க நாம் யார்? நமக்குள்ள பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஊழியக்காரர் வந்தால் சட்டைக் கையை இழுத்து மூட வேண்டியதாயிருக்கிற பொருளை, வாங்கும்போதே மனசாட்சி வேண்டாமென்று சொல்லியிருக்கும்.

5. வாங்குமுன் ஐந்து கேள்விகள்

முதலாவது, எந்தப் பணம்? கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14:28). தவணைக்கு வாங்குகிறீர்களா? அப்பா அம்மாவின் மருந்துச் செலவு, தங்கையின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் போக மிஞ்சின பணமா? இயந்திரக் கடிகாரம் என்றால் சில வருஷத்துக்கு ஒருமுறை சர்வீசுக்கும் நல்ல தொகை ஆகும். அதையும் எழுதுங்கள்.

இரண்டாவது, உண்மையான வழியா? வளைகுடாவிலிருந்து வரும்போது புது வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட வரம்புக்கு மேற்பட்டதைச் சுங்கத்தில் சொல்லாமல் வந்தால், அது ரோமர் 13:7-க்கு விரோதம். "பர்ஸ்ட் காப்பி" கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அசலின் பெயரைத் திருடிப் போட்ட பொருள் அது. இரண்டாயிரம் ரூபாய் வாட்ச் இரண்டு லட்சமாய் நடிக்கிறது. கட்டுகிறவனும் கூடச் சேர்ந்து நடிக்கிறான்.

மூன்றாவது, யார் முன்பாக? பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குத் தரையும் கொடுத்த சபையை யாக்கோபு கடிந்துகொள்ளுகிறார் (2:1-4). தினக்கூலிக்குப் போகிற சகோதரன் உங்கள் பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டால், உங்கள் கை அவனைத் தள்ளிவைக்கிறது.

நான்காவது, எதற்காக ஆசைப்படுகிறேன்? ஆகான் கண்டான், இச்சித்தான், எடுத்தான், ஒளித்தான் (யோசுவா 7:21). யாருமே பார்க்காத தீவில் இருந்தாலும் இதை வாங்குவேனா என்று உங்களையே கேளுங்கள்.

ஐந்தாவது, விட முடியுமா? பர்னபா நிலத்தை விற்றுக் கொண்டுவந்தான் (அப்போஸ்தலர் 4:37). ஒரு குடும்பத்தின் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டுமென்று ஆவியானவர் ஏவினால், கையிலிருந்து கழற்றி விற்க மனம் வருமா? வருமானால் கடிகாரம் உங்களுடையது. வராவிட்டால் நீங்கள் கடிகாரத்தினுடையவர்.

"ரெபெக்காளுக்குப் பத்துச் சேக்கல் எடையில் பொன் கடகம் போடவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான் (ஆதியாகமம் 24:22). ஆனால் அது அவளே கடைக்குப் போய் வாங்கினதல்ல. பத்து ஒட்டகங்களுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றின கைக்கு வந்த வெகுமதி. வேலை பார்த்த கம்பெனியோ பெற்றோரோ அன்பாய்க் கொடுத்த கடிகாரம் இருந்தால் ஸ்தோத்திரத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கட்டுவதா, வைத்திருப்பதா என்பதை மட்டும் இதே கேள்விகளால் சோதித்துப் பாருங்கள்.

6. முடிவு எடுப்பது எப்படி?

கடையில் நின்று முடிவு எடுக்காதிருங்கள். ஒரு மாதம் பொறுத்திருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து பேசி, சேர்ந்து ஜெபியுங்கள். மனைவியின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து கேள்விக்கும் தேவனுக்கு முன்பாகச் சுத்த மனசாட்சியோடு பதில் சொல்ல முடிகிறவரை நாம் நியாயந்தீர்க்கக் கூடாது. தேவன் நம் அனுபவத்துக்காகவும் நன்மைகளைக் கொடுக்கிறவர் (1 தீமோத்தேயு 6:17). ஆனால் ஒரு கேள்வியிலாவது மனது குத்துமானால், விட்டுவிடுங்கள். சந்தேகத்தோடு கட்டின கடிகாரம் கைக்குப் பாரம் (ரோமர் 14:22, 23).

எசேக்கியாவுக்குக் கூட்டிக் கொடுக்கப்பட்டது பதினைந்து வருஷம். நமக்கு எத்தனை என்று எந்தக் கடிகாரமும் காட்டாது. நம் கையைப் பார்த்து மணி கேட்கிறவன், அப்படியே ஆண்டவரைப் பற்றியும் கேட்கக்கூடிய கையாய் அது இருக்கட்டும். நாட்களை எண்ணும் அறிவைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.