அழைப்புக் கடிதம் இருந்தால் மட்டும் விசா கிடைத்துவிடுமா?



வெளிநாட்டுப் பயணம் பெரும் முதலாளிகளுக்கு மட்டுமே உரியது என்றிருந்த காலம் போய்விட்டது. பாக்கெட் போடும் இயந்திரம் வாங்க சீனா செல்லும் மளிகை வணிகரும் நம்மிடையே இருக்கிறார்கள். மசாலாவுக்கும் அப்பளத்துக்கும் வெளிநாட்டில் ஆள் பிடிக்க ஜெர்மனி உணவுக் கண்காட்சிக்குப் புறப்படும் மொத்த வியாபாரியும் இருக்கிறார். லண்டனிலுள்ள மகன் வீட்டுக்கு ஒரு மாதம் போய்வர விரும்புவோருக்கும் குறைவில்லை. இவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது அழைப்புக் கடிதத்தைத்தான். அந்தக் கடிதம் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கடிதத்தின் வேலை என்ன?

நம் கடைக்குப் புதிதாக ஒருவர் வந்து கடனுக்குச் சரக்கு கேட்கிறார். கையில் நமக்குத் தெரிந்தவர் எழுதிய சிபாரிசுச் சீட்டு இருக்கிறது. சீட்டைப் பார்த்ததும் அவரை உட்காரச் சொல்கிறோம். ஆனால் சீட்டை மட்டும் நம்பி மூட்டையை ஏற்றி அனுப்புவதில்லை. அவருக்குக் கடை எங்கே, எத்தனை வருடமாக நடத்துகிறார், வேறு இடத்தில் பற்று வரவு எப்படி என்று விசாரித்த பிறகே கணக்கு திறக்கிறோம். விசா அதிகாரியும் அப்படித்தான் பார்க்கிறார்.

அழைப்புக் கடிதம் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: இன்னார் இன்ன வேலைக்காக, இன்ன தேதியில், இன்னாரிடம் வருகிறார் என்பதே அது. வருபவரிடம் செலவுக்குப் பணம் இருக்கிறதா, வேலை முடிந்ததும் ஊர் திரும்புவாரா என்ற இரு கேள்விகளுக்கு அந்தக் கடிதத்தால் பதில் சொல்ல முடியாது. அவற்றுக்குரிய பதில் நம்முடைய சொந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

சீனாவுக்கு வணிக வேலையாகச் செல்பவர் 'எம்' வகை விசா பெற வேண்டும். இதற்கு அங்குள்ள வணிக நிறுவனம் தரும் அழைப்போ, கண்காட்சி அமைப்பாளர் தரும் அழைப்போ அவசியம். கடித நகலை அளிக்கலாம். ஆனால் அதிகாரி விரும்பினால் அசலைக் கேட்பார்.

பிரிட்டனில் பார்வையாளர் விசாவுக்கு அழைப்புக் கடிதம் கட்டாயம் அல்ல. உறவினர் வீட்டில் தங்குவதானாலோ, அங்குள்ள நிறுவனத்தைச் சந்திப்பதானாலோ அது துணை ஆவணமாக உதவும்.

ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய ஷெங்கன் நாடுகளில் பயணத்தின் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். வணிகப் பயணத்துக்கு நிறுவனத்தின் அழைப்போ, கண்காட்சிக்குப் பதிவு செய்த சான்றோ அதற்கு ஆதாரம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியிலுள்ள உறவினர் நம் செலவை ஏற்பதாக வெள்ளைத்தாளில் எழுதித் தருவது வேறு. அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சென்று, வருமானத்தைக் காட்டி, முறைப்படி பொறுப்பேற்புப் பத்திரத்தில் கையெழுத்திடுவது வேறு. செலவுக்கு உத்தரவாதமாகப் பின்னதற்கே சட்ட பலம் உண்டு.

கடிதத்தில் இருக்க வேண்டியவை

சீனத் தூதரகம் எதிர்பார்க்கும் விவரங்களை அடிப்படையாக வைத்துக்கொண்டால் மற்ற நாடுகளுக்கும் அது பெரும்பாலும் பொருந்தும்.

1. செல்பவரின் முழுப்பெயர், ஆணா பெண்ணா, பிறந்த தேதி ஆகியவை. பாஸ்போர்ட் எண்ணும் இருப்பது நல்லது.

2. எதற்காக வருகிறார், எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதியில் திரும்புகிறார், எந்தெந்த ஊர்களுக்குச் செல்கிறார் என்பவை.

3. அழைப்பவருக்கும் செல்பவருக்கும் உள்ள வணிகத் தொடர்பு.

4. செலவு யாருடையது என்பது.

5. அழைக்கும் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண், முத்திரை, பொறுப்பாளர் கையெழுத்து.

இவற்றில் மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "எங்கள் தொழிற்சாலையைப் பார்வையிட அழைக்கிறோம்" என்ற ஒற்றை வரியால் பயனில்லை. "நிமிடத்துக்கு இத்தனை பாக்கெட் போடும் இன்ன இயந்திரத்தைப் பார்த்து விலை பேச வருகிறார், இன்ன தேதியில் விலைப்பட்டியல் அனுப்பியுள்ளோம்" என்று எழுதித் தரும்படி கேளுங்கள். அந்த விலைப்பட்டியலையும் கடிதப் போக்குவரத்தையும் விண்ணப்பத்துடன் இணையுங்கள்.

பெயரும் தேதியும்

நம் ஊர் வழக்கத்தில் கடைப் பலகையிலும் வங்கிக் கணக்கிலும் இனிஷியலுடன் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து, முன்னும் பின்னும் மாறியிருக்கும். அழைப்புக் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே அப்படியே வர வேண்டும். ஆகவே பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலை அனுப்பியே கடிதம் கேளுங்கள். கடைப் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒருவருடையதே என்பதை நம் முகப்புக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

தேதிப் பொருத்தமும் அவ்வாறே. குவாங்சோ நகரில் 1957 முதல் நடந்துவரும் கான்டன் கண்காட்சி ஆண்டுக்கு இருமுறை, அண்மை ஆண்டுகளில் ஏப்ரல் 15 மற்றும் அக்டோபர் 15 தேதிகளில் தொடங்கி, மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. இயந்திரங்களும் மின்சாதனங்களும் முதற்கட்டத்தில். வீட்டு உபயோகப் பொருட்கள் இரண்டாம் கட்டத்தில். துணி, பொம்மை, உணவுப் பொருட்கள் மூன்றாம் கட்டத்தில். பாக்கெட் இயந்திரம் வாங்கப் போகிறேன் என்று எழுதிவிட்டு, மூன்றாம் கட்டத் தேதியில் டிக்கெட் முன்பதிவைக் காட்டினால் அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். பில்லும் சரக்கும் ஒத்துப்போவதுபோல் கடிதம், விண்ணப்பம், ஓட்டல் பதிவு, விமானப் பதிவு நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

உடன் நிற்க வேண்டிய காகிதங்கள்

ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, கடந்த சில ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், இறக்குமதி ஏற்றுமதி செய்பவரானால் அதற்கான குறியீட்டுச் சான்று, உணவுப் பொருள் வணிகருக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் திடீரென்று பெருந்தொகையைக் கணக்கில் போட்டு இருப்பைப் பெருக்கிக் காட்டுவது நன்மை செய்யாது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையே அது எழுப்பும்.

கடையின் லெட்டர்பேடில் ஒரு பக்க முகப்புக் கடிதம் எழுதுங்கள். கடை எத்தனை ஆண்டாக நடக்கிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், நாம் இல்லாத நாட்களில் கடையை யார் கவனிப்பார், எந்தத் தேதியில் திரும்புவோம் என்பவற்றைச் சொல்லுங்கள். ஊர் திரும்ப நமக்குள்ள வலுவான காரணம் நம் கடைதான்.

ஒரு வார்த்தையால் வரும் வினை

லண்டனில் மளிகைக் கடை வைத்திருக்கும் உறவினர் அன்போடு, "மாமா வந்தால் கடையில் எனக்கு ஒத்தாசையாக இருப்பார்" என்று கடிதத்தில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வரி போதும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட. பிரிட்டனில் பார்வையாளராகச் செல்பவர் உறவினர் கடையில் சம்பளமின்றிக்கூட வேலை செய்யக் கூடாது. வணிகக் கண்காட்சிக்குச் செல்பவரும் தம் பொருளை விளம்பரப்படுத்தலாம், ஆர்டர் பற்றிப் பேசலாம். ஸ்டாலில் நேரடியாக விற்க அனுமதி இல்லை. ஆகவே கடிதத்தை அனுப்பச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காமல், வந்ததும் வரிக்கு வரி படித்துப் பார்ப்பது அவசியம்.

விலைக்கு வரும் கடிதம்

சில ஏஜெண்டுகள் அழைப்புக் கடிதத்தையே விலை பேசி விற்கிறார்கள். முன்பின் தெரியாத நிறுவனத்தின் பெயரில் முத்திரையுடன் கடிதம் வரும். அந்த நிறுவனத்துக்கு அதிகாரி தொலைபேசியில் பேசினால் அங்கே நம் பெயர் யாருக்கும் தெரியாது. சீன நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் 18 எழுத்தும் எண்ணும் கொண்ட பதிவுக் குறியீடு உண்டு. நிறுவனத்தின் வணிக உரிம நகலைக் கேட்டு வாங்கி, அந்தக் குறியீட்டைச் சரிபாருங்கள். தரத் தயங்கினால் விலகிக்கொள்ளுங்கள்.

பொய்யாவணத்தால் போவது ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் மட்டுமல்ல. விண்ணப்பத்தில் ஏமாற்று செய்ததாக முடிவானால் பிரிட்டன் 10 ஆண்டுகள் வரை விசா மறுக்கும்; கனடா 5 ஆண்டுகள் தடை விதிக்கும். ஷெங்கன் நாடுகளின் விசாப் பதிவேட்டில் நிராகரிப்பு விவரம் 5 ஆண்டுகள் வரை இருக்கும். பேரப்பிள்ளை பிறந்த செய்தி வரும்போது விமானம் ஏற முடியாத நிலை வரலாம். "ஏஜெண்ட்தான் பூர்த்தி செய்தார்" என்ற பதில் எடுபடாது, கையெழுத்து நம்முடையது. முன்பு ஏதேனும் நாடு விசா மறுத்திருந்தால் அடுத்த விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

காலக் கணக்கு

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைவாக இருக்கக் கூடாது. முடிவு பொதுவாக 15 நாளில் வரும். சில வேளைகளில் 45 நாள் ஆகலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரிட்டனுக்கு 3 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் வாங்கும் மையங்கள் காகிதங்களை வாங்கி அனுப்புபவை மட்டுமே. முடிவெடுப்பது அந்தந்த நாட்டு அதிகாரிகள். எனவே மையத்தில் ஆள் இருக்கிறது என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட்டையும் வாங்காதீர்கள்.

கட்டணங்களும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்த நாட்டுத் தூதரகத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. உண்மையான அழைப்பும் ஒழுங்கான கணக்கும் உள்ள சிறு வணிகர் இடைத்தரகர் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். வரவு செலவு நோட்டை நாள் தவறாமல் எழுதுபவருக்கு இந்த வேலை கடினமானதல்ல. உறுப்பினர்கள் கடிதம் வந்தவுடன் அவசரப்படாமல், மேலே சொன்ன ஐந்து விவரங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.