தெருவுல வர்ற கணக்கு, நோட்டுல ஏன் வரல?

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போம். ஒரு தேங்காய் விலை 35. நாலு தேங்காய் எவ்வளவு?

140. சரிதான். ஆனா அதை மனசுக்குள்ள எப்படிப் போட்டீங்க? அதை ஞாபகம் வச்சுக்கிட்டு மேல படிங்க.

ரெசிஃபி நகரத் தெருவில்

டெரெசின்யா நூனெஸ், பிரேசிலைச் சேர்ந்த கல்வி உளவியல் ஆய்வாளர். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோருடன் சேர்ந்து அவர் செய்த ஒரு ஆய்வு 1985-ல் வெளியானது.

ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த, 9 முதல் 15 வயது வரையிலான 5 பிள்ளைகள். ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் மாதிரி போய் விலை கேட்டாங்க, மீதிச் சில்லறை கேட்டாங்க. சில நாள் கழிச்சு, அதே வகைக் கணக்குகளைப் பேப்பர், பென்சில் கொடுத்துப் போடச் சொன்னாங்க.

தெருவில் கேட்டப்போ 98.2% சரி. எழுத்துக் கணக்கா மாத்திக் கேட்டப்போ 73.7%. வெறும் எண்களை மட்டும் கொடுத்தப்போ 36.8%. பிள்ளைகளும் அவங்களேதான், எண்களும் கிட்டத்தட்ட அதேதான்!

140 எப்படி 200 ஆச்சு?

12 வயசுப் பிள்ளை ஒண்ணு. தெருவில் நாலு தேங்காய்க்கு விலை கேட்டதும், மூணு தேங்காய் 105 என்பதில் ஆரம்பிச்சு, இன்னொரு 35-ஐக் கூட்டி 140 என்று சொல்லிடுச்சு. பிறகு 35 × 4 என்று எழுதிக் கொடுத்தப்போ வந்த விடை 200.

தப்பு எங்கே? 4 × 5 = 20; பூஜ்யத்தை எழுதி 2-ஐ மேலே ஏத்தினது வரைக்கும் சரி. அடுத்து 4 × 3 = 12 போட்டுட்டு 2-ஐக் கூட்டணும். அந்தப் பிள்ளை முதல்லயே 2-ஐயும் 3-ஐயும் கூட்டி, 5-ஐ 4-ஆல் பெருக்கிடுச்சு. விதி ஞாபகம் இருக்கு, வரிசை மட்டும் மாறிப்போச்சு.

தெருவில் 35 என்பது ஒரு தேங்காயின் விலை. நோட்டில் அது வெறும் 3, 5. மூணுக்கே 105 என்றால் நாலுக்கு எப்படி 200 வரும்? தெருவில் இந்தக் கேள்வி தானா வந்திருக்கும்.

இதை வச்சு 'பள்ளிக் கணக்கு வேண்டாம்' என்று முடிவு கட்டக் கூடாது. ஐந்தே பிள்ளைகளிடம் செய்த சின்ன ஆய்வு இது. தவிர, 347 × 286 மாதிரிக் கணக்குக்கு மனக்கணக்கு தாங்காது, எழுத்து முறைதான் கைகொடுக்கும். அந்த முறைக்குள்ள இருக்கிற பொருளைத் தொலைச்சிடாம கத்துக்கணும், அவ்வளவுதான்.

வாசிப்பிலும் இதே கதை

பீட்டர் பிரையன்ட் போன்றோருடன் சேர்ந்து பிள்ளைகளின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் நூனெஸ் ஆராய்ந்தார். 'கிஸ்ட்' என்ற இறந்தகால வினை, காதுக்கு 'ட்' என்றுதான் முடியுது. சின்னப் பிள்ளைகள் முதலில் கேட்டபடியே எழுதுறாங்க. அப்புறம் இறந்தகாலத்துக்கு ஒரு தனி விகுதி இருக்குன்னு கண்டுபிடிக்கிறாங்க. கண்டுபிடிச்ச வேகத்துல, வினைச்சொல்லே இல்லாத 'சாஃப்ட்' என்ற சொல்லுக்கும் அதே விகுதியைப் போட்டுடுறாங்க! கடைசியில்தான் எங்கே போடணும்னு பிடிபடுது.

நடுவில் வர்ற அந்தத் தப்பைக் கவனிங்க. பார்த்தா பின்னடைவு மாதிரி இருக்கும், ஆனா அந்தப் பிள்ளை புதுசா ஒரு விதியைப் புரிஞ்சுக்கிட்டதுக்கு அதுதான் அடையாளம். சிவப்பு மையில் ஒரு சுழி போட்டுட்டுப் போனா நமக்கு இது தெரியவே தெரியாது. பகுதி, விகுதி என்று சொல்லைப் பிரிச்சுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தா எழுத்துக்கூட்டல் முன்னேறுது என்பதையும் அவர்கள் வகுப்பறைகளில் சோதித்தார்கள். 2006-ல் அது புத்தகமாகவும் வந்தது.

நமக்கு என்ன?

என்.எஸ்.எஸ். முகாமிலோ வீட்டிலோ சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீங்களா? விடை தப்பா இருந்தா உடனே திருத்தாதீங்க. "எப்படிப் போட்ட?" என்று கேளுங்க. பதில் சரியா இருந்தாலும் கேளுங்க.

அப்படியே நம்ம பக்கமும் திரும்பிப் பார்ப்போம். லாப்லாஸ் உருமாற்றத்தை அட்டவணையைப் பார்த்துப் போட்டு மார்க் வாங்கிடுறோம். லேப்ல ஒரு சர்க்யூட்டைக் காட்டி "இதுல அது எங்கே இருக்கு?" என்று கேட்டா?

அந்தப் பிள்ளைக்காவது தெருவில் 140 வந்துச்சு. நமக்கு?