மாறுகண்: காலம் கடவாச் சிகிச்சை

வங்காளத்தில் இலேசான மாறுகண்ணை ‘லொக்கி டேரா’, அதாவது இலட்சுமிகரமான மாறுகண் என்பர். நம் பக்கத்திலும் அதனை அதிர்ஷ்டமெனக் கருதுவோர் உளர். இந்நம்பிக்கையால் வீணாவது காலமே. விலகிய கண் காட்டும் பிம்பத்தைக் குழந்தையின் மூளை புறக்கணிக்கிறது. ஏழெட்டு வயதுக்குள் கவனிக்காவிடில் அக்கண்ணின் பார்வை நிலையாக மங்கிவிடக்கூடும்.

கண்டறிதல் எளிது. கைவிளக்கின் ஒளி இரு கண்மணிகளின் நடுவிலும் ஒன்றுபோல் தெரிகிறதா எனப் பார்ப்பர். பின்னர் ஒரு கண்ணை மறைத்து, மற்றது நகர்கிறதா என நோக்குவர். தூரப்பார்வைக் குறையால் நேர்ந்ததாயின் கண்ணாடியே பல குழந்தைகளுக்குப் போதும். பார்வை மங்கிய கண்ணுக்குப் பயிற்சியளிக்க, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைப்பர். இவற்றால் நேராகாத கண்ணுக்கே அறுவை. விழியை வெளியே எடுத்துவிடுவார்களோ எனப் பெற்றோர் அஞ்சுவதுண்டு. அவ்வாறில்லை, விழியை அசைக்கும் ஆறு தசைகளுள் வேண்டியதைப் பின்னகர்த்தியோ குறுக்கியோ தைப்பர். ஆயினும் மங்கிய பார்வையை அறுவை மட்டும் மீட்காது.

கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வட்டாரக் கண் மருத்துவ நிலையம் உள்ளது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் 18 வயது வரையிலானோரைப் பரிசோதித்து, அறுவை உட்பட இலவசச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. எனினும் சுந்தரவனத்திலிருந்து பன்முறை வந்து செல்லும் குடும்பத்திற்கு இழந்த நாட்கூலியே பெருஞ்செலவு. நம் திட்டக் கணக்குகளில் அச்செலவு இடம்பெறக் காண்பது அரிது.