கிணற்றைக் கேட்டுக் கட்டு

நெடுந்தீவு

அன்புள்ள பெறாமகனுக்கு,

நீ அனுப்பிய கட்டட வரைபடம் கிடைத்தது. உன் அப்பாவின் காணியில் விடுதி கட்ட நீ திரும்பி வருவது எனக்குப் பெரிய ஆறுதல். பூட்டிக் கிடக்கும் வீடுகள் இந்த ஊருக்குப் போதும். ஆனால் அந்த வரைபடத்தில் இரண்டு இடங்கள் என்னை உறங்க விடவில்லை.

வான் வந்து நிற்க முன்பக்கக் கல்வேலியை முழுதாக எடுக்கப் போகிறாய். சாந்து இல்லாமல் நிற்கிற வேலி அது. ஒரு பவளக்கல்லின் பள்ளத்தில் அடுத்த கல்லின் மேட்டைப் பொருத்தி, கையால் அடுக்கியது. சோளகக் காற்று அதன் இடுக்குகளால் புகுந்து போய்விடும், அதனால்தான் விழவில்லை. ஒரு படலை அகலம் மட்டும் எடு. எடுத்த கல்லை ஓரமாக அடுக்கி வை. வான் வெளியிலேயே நிற்கட்டும்.

மற்றது தண்ணீர். இதை ஆறுதலாக வாசி. எங்கள் தீவில் ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, அதுதான் காரணம். வாளியால் அள்ளினால் அந்தப் படை குழம்பாது. குழாய்க்கிணறு அடித்து மோட்டாரால் இழுத்தால் கீழிருந்து உவர் ஏறும். உன் கிணறு மட்டுமில்லை, பக்கத்துக் காணிக் கிணறும் கெட்டுப்போகும். மலசலகூடக் குழியும் அப்படித்தான். எங்கள் கல் முழுக்கத் துவாரம். அடி பூசாத குழியில் விட்டதெல்லாம் கிணற்றுக்கு வந்து சேரும். அடியும் சுவரும் பூசிய குழி கட்டு. கூரைத் தண்ணீரைப் பிடிக்கப் பெரிய தாங்கி ஒன்று கட்டு. விடுதியில் இரண்டு அறை குறைந்தாலும் பரவாயில்லை.

கோடையில் எங்கள் தீவுக் குதிரைகள் தண்ணீருக்குப் படும் பாட்டை நீ பார்த்ததில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை. வற்றிய குளத்தில் ஒரு தாய்க்குதிரை காய்ந்த சேற்றை முன்காலால் கிளறிக்கொண்டு நிற்கும். குட்டி அதன் வயிற்றோடு ஒட்டி நிற்கும். 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எல்லை போட்டால் தண்ணீர் ஊறாது. உன் விருந்தாளிகள் பார்க்க வருவது அந்தக் குதிரைகளையும் இந்தக் கல்வேலிகளையும்தான். அவர்களுக்காகவே இவற்றை அழித்துவிடாதே.

மாரிக்கு முன்னம் ஒருதரம் வா. குறிகட்டுவானில் காலைப் படகைப் பிடி. வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு குடித்துப் பார். அத்திவாரம் பிறகு வெட்டலாம்.

அன்புடன்,
பெரியப்பா